ஒரு பைசாத் தமிழன்

ஒரு பைசாத் தமிழன் என்பது பண்டிதர் க. அயோத்திதாசர் (1845–1914) சென்னை இராயப்பேட்டையிலிருந்து 1907 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் தொடங்கி நடத்திய தமிழ் வார இதழ் ஆகும். புதன்கிழமை தோறும் நான்கு பக்கங்களுடன் வெளிவந்தது. வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க 1908 ஆகஸ்டு 26 முதல் இதன் பெயர் தமிழன் என மாற்றப்பட்டது. அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறையும் வரை இதன் ஆசிரியராக இருந்தார்.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களிடையே தோன்றி அவர்களுடைய ஆதரவிலேயே நடந்த இதழ் இது. இதை வெறும் சாதிச் சங்கப் பத்திரிகையாகக் கருதுவது பொருந்தாது. தென்னிந்திய வரலாறு, தமிழ் இலக்கியம், சொல்லாராய்ச்சி, பௌத்தம், சித்த மருத்துவம், அன்றைய அரசியல் என்று பல துறைகளில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வுகளை வெளியிட்ட ஏடு இது. இந்த ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகம், தமிழ்ச் சங்கம், அரசு நல்கை ஆகிய எதன் துணையும் இருக்கவில்லை. இதே காலகட்டத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான அறிஞர்கள் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கியிருந்தனர். இரு முயற்சிகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் ஒன்றை அறிந்தவர்க்கு மற்றொன்று எளிதில் விளங்கும்.

பெயரும் விலையும்

இதழின் விலை ஒரு பைசா, அதாவது காலணா. அதுவே அதன் பெயராகவும் ஆயிற்று. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா. ஆகவே ஓர் ஆண்டின் 52 இதழ்களையும் வாங்குபவருக்கு 52 பைசா, அதாவது 13 அணா செலவாகும். ஆண்டு முழுவதற்கும் ஒரு ரூபாய்க்குக் குறைவு. கூலி வேலை செய்வோரும் வாங்கவேண்டும் என்பதற்காகவே இவ்விலை வைக்கப்பட்டது.

தமிழன் என்ற பெயர் தேர்வும் கவனத்திற்குரியது. 1881 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே ஒடுக்கப்பட்ட மக்களை ஆதித்தமிழர் என்று பதிவு செய்யவேண்டும் என அயோத்திதாசர் கோரியிருந்தார். இம்மக்கள் தமிழ்ச் சமூகத்தின் விளிம்பில் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், அதன் மூத்த உறுப்பினர்கள் என்பது அவர் நிலைப்பாடு. தமது இதழுக்கு ஒரு சாதியின் பெயரையோ பிறர் சூட்டிய பெயரையோ வைக்காமல் மொழியின் பெயரை வைத்ததில் இந்நிலைப்பாடே வெளிப்படுகின்றது. இதற்கு மாறான தேர்வும் அக்காலத்தில் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் தொடங்கிய தமது இதழுக்கு, இழிசொல்லாக வழங்கிய பெயரையே துணிந்து எடுத்துப் பறையன் என்று பெயரிட்டார்.

ஆசிரியர்

அயோத்திதாசர் 1845 மே 20 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். வல்லகாளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்று, ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இளமைக் காலத்தின் ஒரு பகுதியை நீலகிரியில் கழித்தார். தமிழுடன் வடமொழி, பாளி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி உடையவர். தொழிலால் சித்த மருத்துவர். அவருடைய பாண்டித்தியம் கல்லூரியில் பெற்றதன்று. ஓலைச்சுவடி, ஆசிரியர் வாய்மொழி, குடும்ப வழக்கு ஆகியவற்றின் வழியாக வந்தது.

1885 இல் ஜான் ரத்தினம் அவர்களுடன் இணைந்து திராவிடப் பாண்டியன் என்ற இதழை நடத்தினார். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டினார். மறு ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்டோர் கோயில்களில் நுழையும் உரிமையை எழுப்பினார். அக்கோரிக்கைக்கு எதிர்ப்பு எழுந்தது. அப்படியாயின் நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் அளிக்குமாறு கேட்டார். இந்நிகழ்வை அவரே பிற்காலத்தில் தமிழன் இதழில் விவரித்துள்ளார். கேட்டது நான்காம் வகுப்பு வரைதான். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1898 இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் பி. கிருஷ்ணசாமியோடு இலங்கை சென்று, இக்கடுவை ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர் ஆனார். சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்ததும் இதே ஆண்டில்தான். தமிழின் மிகப்பெரிய பௌத்தக் காப்பியம் அச்சு வடிவில் பரவத் தொடங்கிய ஆண்டும், தற்காலத் தமிழ்ப் பௌத்த இயக்கம் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. எனினும் பின்னாளில் தமிழன் இதழ் மணிமேகலையை மிகுதியாக எடுத்தாண்டது.

கந்தப்பனும் எல்லீசனும்

அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் சமையல் பணியாளராக இருந்தவர். தம் வீட்டில் வழிவழியாக இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளைக் கந்தப்பன் தம் துரையின் வழியாக எல்லீசனிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் தமது இதழில் எழுதியுள்ளார். எல்லீசன் என்று தமிழில் அழைக்கப்பட்ட பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812 இல் அமையக் காரணமானவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு முன்பே எடுத்துரைத்தவர். திருக்குறள் முதன்முதலில் அச்சேறியதும் 1812 இல்தான்.

எல்லிஸ் 1819 இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவரது உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. தமிழ்க் கல்வெட்டு ஆசிரியப்பாவில் அமைந்தது, அவர் குறளின் அறத்துப்பாலுக்கு ஆற்றிய பணியைக் குறிப்பிடுகின்றது. திண்டுக்கல் வட்டாரத்தில் பலரும் அறியாத செய்தி இது. சுவடியை மொழிபெயர்த்தவரின் பெயர் கல்லில் நின்றது. சுவடியைக் கொடுத்ததாகக் கூறப்படுபவரின் பெயர் காலணாப் பத்திரிகை ஒன்றில் அவருடைய பேரன் எழுதியதால் மட்டுமே நமக்குத் தெரிகின்றது.

கந்தப்பன் பற்றிய இச்செய்திக்கு முதன்மைச் சான்று அயோத்திதாசரின் எழுத்தே. அச்சேறிய பதிப்பு கந்தப்பன் சுவடியைத்தான் அடிப்படையாகக் கொண்டது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. ஆயினும், எழுத்தறிவே மறுக்கப்பட்டதாகக் கருதப்படும் குடும்பம் ஒன்றில் அறநூல் சுவடிகள் பாதுகாக்கப்பட்டன என்ற நினைவு, அயோத்திதாசரின் ஆய்வு முழுவதற்கும் தொடக்கப் புள்ளியாக இருந்தது என்று கூறலாம்.

உள்ளடக்கம்

நான்கு பக்கங்களுக்குள் அரசியல் குறிப்புகள், உள்ளூர்ச் செய்திகள், உலகச் செய்திகள், மருத்துவக் குறிப்புகள், சங்கக் கிளைகளின் நடவடிக்கைகள், வாசகர்களின் வினாக்களும் அவற்றுக்கான விடைகளும், தொடர் ஆய்வுகளும் இடம்பெற்றன. பின்னர் தனி நூல்களாக அறியப்பட்ட அயோத்திதாசரின் ஆக்கங்களுள் பல முதலில் இவ்விதழில் தொடராக வந்தவை. இந்திரர் தேச சரித்திரம், யதார்த்த பிராமண வேதாந்த விவரம், வேஷப் பிராமண வேதாந்த விவரம், அரிச்சந்திரன் பொய்கள், திருவள்ளுவர் வரலாறு முதலியவற்றை இங்குக் குறிப்பிடலாம். புத்தரின் வாழ்வையும் அறத்தையும் தமிழ் மூலங்களைக் கொண்டு விவரிக்கும் பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம் 1912 இல் நூலாக வந்தது. குறளைத் திரிக்குறள் என்று குறிப்பிட்டு, அதன் முப்பாலைப் பௌத்தத் திரிபிடகத்துடன் தொடர்புபடுத்தி அவர் எழுதிவந்த உரை, அவரது மறைவால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.

வினா–விடைப் பகுதிக்குத் தனிச் சிறப்பு உண்டு. பண்டிகையின் பொருள் என்ன, ஒரு சடங்கு ஏன் செய்யப்படுகின்றது, ஒரு கதையில் வரும் பாத்திரம் யார் என்று வாசகர்கள் எழுதிக் கேட்டனர். ஆசிரியர் விடை எழுதினார். சில விடைகள் நீண்டு தனி ஆய்வாகவே வளர்ந்தன. எதை ஆராயவேண்டும் என்பதை ஓரளவு வாசகர்களே தீர்மானித்தனர் எனலாம்.

சுதேசி இயக்கம் வீறுகொண்டிருந்த காலத்தில் இதழ் தோன்றியது. அவ்வியக்கத்தைத் தமிழன் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தியது. சொந்த நாட்டு மக்களுள் ஒரு பகுதியினருக்குக் கிணற்று நீரை மறுப்பவர்கள் தன்னாட்சி கேட்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அதன் வாதம். இதனால் அயோத்திதாசர் ஆங்கிலேய ஆதரவாளர் என்று பிற்காலத்தில் குறை கூறப்பட்டார். ஆங்கில ஆட்சியின் மீது அவர் நம்பிக்கை வைத்திருந்தது உண்மையே.

ஆய்வு முறை

அயோத்திதாசரின் மையக் கருதுகோள் பின்வருமாறு: பண்டைத் தென்னாடு பௌத்த நாடாக இருந்தது, அங்கே சாதி இல்லை, பின்னர் வந்தோர் பௌத்த அறவோரின் வேடத்தையும் பட்டங்களையும் ஏற்றுக்கொண்டனர், அவர்களை ஏற்க மறுத்த பௌத்தர்களே தாழ்த்தப்பட்டுத் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர். இதன்படி தாழ்வு என்பது பிறப்பின் விளைவன்று, ஒரு வரலாற்றுத் தோல்வியின் விளைவு. பி. ஆர். அம்பேத்கர் 1948 இல் வெளியிட்ட தீண்டத்தகாதவர்கள் பற்றிய ஆங்கில நூலில், தீண்டாமையின் தோற்றத்தைப் பௌத்தத்தின் வீழ்ச்சியுடன் தொடர்புபடுத்தினார். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே இக்கருத்து தமிழில் விரிவாக எழுதப்பட்டிருந்தது.

இக்கருதுகோளை நிறுவ அவர் கையாண்ட கருவிகள் மூன்று. முதலாவது இலக்கியம்: மணிமேகலை, சீவக சிந்தாமணி, சூளாமணி, வீரசோழியம், நிகண்டுகள் ஆகியவற்றிலிருந்து மேற்கோள்களை அடுக்குவார். திவாகரத்தை முன்கலை திவாகரம் என்று குறிப்பிடுவது அவர் வழக்கம். இரண்டாவது சொல்லாராய்ச்சி. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருள் உண்டு. ஆகவே பறையர் என்போர் மறைக்கப்பட்ட உண்மையைப் பறைந்தவர்கள் என்று விளக்கினார். ஐம்புலன்களையும் வென்ற புத்தரே இந்திரர், அவர் அறம் பரவிய நாடே இந்திரர் தேசம், அதுவே இந்தியா என்றார். மூன்றாவது மக்கள் வழக்கு. பண்டிகைகள், வழிபாடுகள், பழமொழிகள், இழவு வீட்டுச் சடங்குகள் ஆகியவற்றில் பௌத்தத்தின் எச்சங்களைத் தேடினார். தீபாவளியை எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை கண்டறியப்பட்டதன் நினைவு நாளாக விளக்கியது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

இவற்றுள் சொல்லாராய்ச்சியே மிகவும் பலவீனமானது. ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு சொற்பிறப்பு காண்பதை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. இந்தியா என்ற பெயர் சிந்து ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. அவர் மேற்கோள் காட்டும் பாடல்களுள் சிலவற்றை இன்று கிடைக்கும் பதிப்புகளில் காண இயலவில்லை. அவர் பயன்படுத்திய சுவடிகளும் கிடைக்காததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

மறுபுறம், தென்னாட்டில் வைதிகம் அல்லாத சமயங்கள் ஊன்றியிருந்தன என்ற அடிப்படைச் செய்தியைத் தொல்லியல் ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்துள்ளது. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் பௌத்தச் சான்றுகள் கிடைத்துள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சமணச் சிற்பங்களும் வரகுண பாண்டியன் காலத்துக் கி.பி. 870 ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளன. பாண்டியர் காலக் கணிப்புக்கே இக்கல்வெட்டு ஓர் அச்சாணி. அச்சமயங்களைப் பின்பற்றிய மக்கள் பின்னர் என்ன ஆயினர், அவர்களது வழித்தோன்றல்கள் யார் என்ற வினாவுக்குக் கல்வெட்டுகள் விடை கூறுவதில்லை. அயோத்திதாசர் எழுப்பிய வினா அதுவே. அவர் கூறிய விடையை ஏற்காதவர்களும் வினாவின் தகுதியை மறுப்பதில்லை.

வாசகர்களும் கோலார் தங்கவயலும்

சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்த இடங்களே பெரும்பாலும் இதழ் பரவிய இடங்கள் எனலாம். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர், ஹூப்ளி, கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் கிளைகள் அமைந்தன. இவை ஒடுக்கப்பட்ட தமிழர் புலம்பெயர்ந்து சென்று கூலி பெற்ற இடங்கள் என்பதைக் காணலாம். நிலவுடைமையாளரின் ஊரைவிட்டு வெளியேறி, மாதக் கூலி கைக்கு வந்த பிறகே பத்திரிகை வாங்கவும் சங்கம் நடத்தவும் இயன்றது.

இவற்றுள் கோலார் தங்கவயல் முதன்மையானது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று, ஆழச் சுரங்கங்களில் பாறை உடைத்த தொழிலாளர்களே அங்கு இயக்கத்தின் முதுகெலும்பு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது அக்காலத்துப் பொது வழக்கம். ஆகவே விற்ற படிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிட இயலாது.

அயோத்திதாசர் மறைந்தபின் அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. 1926 இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் மீண்டும் வெளிவந்து, 1930களின் நடுப்பகுதி வரை நடந்தது. அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் தொடர்களைச் சிறு நூல்களாக அச்சிட்டு விற்றது. பேராசிரியர் பி. இலட்சுமி நரசு இவ்வியக்கத்துடன் நெருங்கிய தொடர்புடையவர். பௌத்தத்தின் சாரம் பற்றி 1907 இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை அம்பேத்கர் 1948 இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார்.

ஆப்பிரிக்க அமெரிக்க அறிஞர்களுடன் ஒப்பீடு

சுரங்கத் தொழிலாளர்களுக்கு நாளிதழ் படித்துக் காட்டிய இளைஞர் ஒருவர் அமெரிக்காவிலும் இருந்தார். கார்ட்டர் ஜி. வுட்சன் (1875–1950) அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளர் ஒருவரின் வீட்டில் கூடியவர்களுக்குச் செய்தித்தாள்களை உரக்கப் படித்துக் காட்டினார். வரலாற்றின் மீது தமக்கு நாட்டம் ஏற்பட்டது அங்கேதான் என்று பின்னர் குறிப்பிட்டார். ஏறத்தாழ இருபதாவது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும், கறுப்பினத்தவர் வரலாறு ஆய்வுக்குரியது என்பதை வெள்ளையர் நிறுவனங்கள் ஏற்கவில்லை. எனவே 1915 இல் கறுப்பினத்தவர் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தைச் சிகாகோவில் நிறுவினார். மறு ஆண்டு அதற்கென ஆய்விதழ் தொடங்கினார். தனிப் பதிப்பகமும் அமைத்தார். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய வரலாற்று வாரமே 1976 முதல் கறுப்பினத்தவர் வரலாற்று மாதமாக விரிந்தது.

இன்னும் நெருங்கிய ஒப்புமை ஆர்துரோ ஷோம்பர்க் (1874–1938). போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த இவர் எப்பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். நியூயார்க்கில் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் பணிபுரிந்துகொண்டே, ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் எழுதிய நூல்கள், கையெழுத்துப் படிகள், ஓவியங்கள் ஆகியவற்றை உலகெங்கும் தேடிச் சேர்த்தார். கறுப்பினத்தவருக்கு வரலாறு கிடையாது என்று சிறுவயதில் பள்ளியில் கேட்டதே தம்மைத் தூண்டியது என்பார். 1911 இல் ஜான் எட்வர்டு புரூசுடன் சேர்ந்து கறுப்பினத்தவர் வரலாற்று ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1926 இல் கார்னகி நிறுவனத்தின் 10,000 டாலர் உதவியால் அவரது தொகுப்பை நியூயார்க் பொது நூலகம் வாங்கியது. இன்று ஹார்லெமில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆய்வு நடுவத்துக்கு அத்தொகுப்பே அடிப்படை.

ஒற்றுமைகள் வெளிப்படை. பள்ளி மறுக்கப்பட்டபோது இதழ் பள்ளி ஆயிற்று. பதிப்பகங்கள் ஏற்காதபோது அவர்களே அச்சிட்டனர். இழந்த பெருமையை மீட்கும் ஆர்வத்தில் சில வேளைகளில் சான்றின் எல்லையைத் தாண்டிச் சென்றதும் இரு இடங்களிலும் நிகழ்ந்தது. இரயில்வேயில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக இருந்து, தம் நூல்களைத் தாமே அச்சிட்ட ஜே. ஏ. ரோஜர்ஸ் மீதும் இக்குறை கூறப்படுகின்றது. வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் ஹோவர்டு, ஃபிஸ்க் போன்ற கறுப்பினத்தவர்க்கான கல்லூரிகள் அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளிலேயே தோன்றின; எழுதியவற்றைக் காப்பதற்கு நூலகங்கள் இருந்தன. தமிழன் இதழுக்கு அப்படி ஒரு கூரை கிடைக்கவில்லை.

சாதிக் கொடுமையையும் அமெரிக்க அடிமை முறையையும் ஒப்பிட்டு நோக்கும் மரபு இந்தியாவில் பழமையானது. மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873 இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946 இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972 இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்தே தன் பெயரைப் பெற்றது.

மறதியும் மீட்பும்

1930களுக்குப் பின் அயோத்திதாசரின் பெயர் பொதுவெளியிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவரைக் குறிப்பிடவில்லை. திராவிட இயக்க வரலாறுகளும் நெடுங்காலம் அவரைப் பேசவில்லை. இதழின் படிகள் வாசகர்களின் வீடுகளில், குறிப்பாகப் பழைய பௌத்தக் குடும்பங்களின் பெட்டிகளில் தங்கின. கணினித் துறையினர் மொழியில் கூறுவதாயின், காப்பு நகல் எடுக்கப்படாத தரவு அது. ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் ஓராண்டு இதழ்கள் அழிந்துவிடும்.

அவற்றைச் சேர்த்துக் காத்தவர்களுள் அன்பு பொன்னோவியம் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர். இவரும் கல்விப்புல ஆய்வாளர் அல்லர். இயக்கத்தில் பங்குகொண்டு தம் சொந்த முயற்சியால் ஆவணங்களைத் திரட்டியவர். இவரைப் போன்றோர் காத்துவைத்த படிகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் நூலின் முதல் இரு தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 இல் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003 இல் வந்தது. முதல் இதழ் வெளிவந்து 92 ஆண்டுகள் கழித்தே அதன் உள்ளடக்கம் பொது வாசகர் கைக்கு எட்டியது.

இதன்பின் ஆய்வுகள் விரைந்தன. அலாய்சியசின் தமிழ்ப் பௌத்த இயக்கம் பற்றிய ஆங்கில நூலும், வ. கீதா, எஸ். வி. ராஜதுரை ஆகியோரின் பிராமணரல்லாதார் இயக்கம் பற்றிய ஆங்கில நூலும் 1998 இலேயே வந்திருந்தன. ராஜ் கௌதமனின் க. அயோத்திதாசர் ஆய்வுகள் (2004), டி. தருமராஜின் நான் பூர்வ பௌத்தன், ஸ்டாலின் ராஜாங்கத்தின் அயோத்திதாசர்: வாழும் பௌத்தம் (2016) ஆகியவை தமிழில் குறிப்பிடத்தக்கவை. ஜெ. பாலசுப்பிரமணியம் தமது சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை (2017) நூலில் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களை ஆராய்ந்து, தமிழன் தனித்து முளைத்த ஒன்றன்று, ஒரு நீண்ட இதழியல் மரபின் பகுதி என்பதை நிறுவினார்.

திறனாய்வு

அயோத்திதாசர் மீதான மிகக் கூர்மையான விமரிசனம் ஒடுக்கப்பட்டோர் தரப்பிலிருந்தே வந்துள்ளது. அவர் தாழ்த்தப்பட்டோர், தாழ்ந்தோர் என்று இரு பிரிவுகளைக் காட்டினார். பறையர் முதலானோர் பூர்வ பௌத்தர்கள், பகையால் தாழ்த்தப்பட்டவர்கள். சக்கிலியர், குறவர் முதலானோர் தம் செயலால் தாழ்ந்தவர்கள் என்பது அவர் எழுத்தில் பல இடங்களில் காணப்படும் பிரிவினை. சாதியற்ற திராவிடர் என்று பேசியவரே சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது இதன் விளைவு. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த திண்டுக்கல் போன்ற ஊர்களில் அருந்ததியர் கணிசமாக வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் தமிழன் இதழை இன்று படிப்பாராயின், அதில் தமக்குரிய இடத்தைக் காண்பது கடினம். காலச் சூழலைக் காட்டி இக்குறையைத் தள்ளிவிட முடியாது என்றே இக்கட்டுரையாளர் கருதுகின்றார்.

அவரது எழுத்தை வரலாறாகப் படிப்பதா, வரலாற்றுக்கு எதிரான மாற்றுக் கதையாடலாகப் படிப்பதா என்பதிலும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தருமராஜ் போன்றோர் அவரது முறையை ஐரோப்பிய வரலாற்றியலின் அளவுகோலால் அளக்காமல், வாய்மொழி மரபையும் புராணத்தையும் தலைகீழாக வாசிக்கும் தனி முறையாகக் காண்கின்றனர்.

நினைவுகள்

இந்திய அஞ்சல் துறை 2005 அக்டோபர் 21 அன்று அயோத்திதாசருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2023 இல் தமிழ்நாடு அரசு ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதிகளின் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன.